சோமசேகரன் தேர்ந்தெடுத்த கேபிள்

லைன்மேன் சோமசேகரனிடம் அவருடைய அண்ணி குஞ்சம்மா ஏழு வருஷம் பேசவில்லை. ஒரு வார்த்தை, ஒரு 'உம்', தொண்டையைச் செருமுகிற ஒரு சத்தம்கூட இல்லை. எதிரே வந்தால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கடல் பக்கம் திரும்பிக்கொள்வாள். மண்டபத்தூரில் கடல் எங்கே நின்றாலும் தெரியும் என்பதால் அவளுக்கு அதில் சிரமம் இருக்கவில்லை. இவரும் மனுஷர்தானே, முதலில் வலித்தது. பிறகும் வலித்தது. பழகிப்போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

காரணம் ஊருக்கே தெரியும். மண்டபத்தூர் மீனவர் சங்கக் கட்டடத்தில் ஒரு டெலிபோன் இருந்தது. ஊர் முழுக்க அது ஒன்றுதான். புயல் வருகிறதென்றால் காரைக்காலிலிருந்து அதில் கூப்பிட்டுச் சொல்வார்கள், சங்கத்தில் மணி அடிப்பார்கள், யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். ஏற்பாடு நல்ல ஏற்பாடு. ஆனால் கம்பி மெயின் ரோட்டிலிருந்து கரை வரைக்கும் கம்பத்தின் மேலே போனது. உப்புக்காற்று அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, எழுபத்தேழு ஐப்பசியில் ஒரு நாள் அறுத்துப் போட்டது. அந்த லைனைப் பார்க்க வேண்டிய லைன்மேன் சோமசேகரன்.

கம்பி அறுந்ததாக எழுதிய புகார்ச்சீட்டு அவர் சட்டைப்பையில் ஒன்பது நாள் இருந்தது. வேலை செய்யாத ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். நாற்பது கெஜம் புதுக் கம்பி வேண்டுமென்று அன்றைக்கே எழுதிப் போட்டார். மேலே இருந்து அனுமதி வரவில்லை. டெலிபோன் இலாகாக் கொட்டகை மூலையில் பழைய கம்பி ஒரு சுருள் கிடந்தது. ஆனால் அது உதவாது என்று கண்டம் செய்த கம்பி, கணக்கில் இல்லாத கம்பி, அதைத் தொடவும் அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்கும் எழுதிப் போட்டார். பத்தாம் நாள் புயல் செய்தி வந்தபோது காரைக்காலில் இருந்த ஆப்பரேட்டர் அந்த நம்பருக்குப் பதினொரு தடவை முயற்சி செய்தார். சோமசேகரனின் சொந்த அண்ணன் கருப்பையன் விடியற்காலையிலேயே கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போயிருந்தார். உடம்புகூடக் கிடைக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தில் சோமசேகரன் அண்ணியின் எதிரே போய் உட்கார்ந்து, அனுமதி வராத விஷயத்தை விளக்கினார். விளக்கியதோடு விட்டாரா, தான் எழுதிப் போட்ட தாளின் கார்பன் காப்பியையும் எடுத்துக் காட்டினார். அட மனுஷா, புருஷனைப் பறிகொடுத்தவள் எதிரில் கார்பன் காப்பியை நீட்டுவார்களா? இவர் நீட்டினார். குஞ்சம்மா அதைப் பார்த்தாள், பிறகு இவரைப் பார்த்தாள், எழுந்து உள்ளே போனாள். அன்றோடு பேச்சு நின்றது.

சோமசேகரன் வலை வீட்டில் பிறந்தவர்தான். ஆனால் கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டு வயதில் மூன்று தடவை அப்பா ஏற்றிக்கொண்டு போனார், மூன்று தடவையும் கரை கண்ணுக்கு மறைவதற்குள் வாந்தி. அப்பா நாலு பேரிடம் கேட்டுப் பார்த்துவிட்டு, கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம் இப்படி ஒரு பிள்ளை பிறந்ததே இல்லை என்று முடிவுகட்டி, டெலிபோனுக்குக் குழி வெட்டுகிற வேலையில் சேர்த்துவிட்டார். பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. குழி வெட்டி, கம்பம் ஏறி, லைன்மேன் ஆகி, காரைக்காலை ஒட்டிய தலத்தெருவில் லோகாம்பாளைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே குடியேறினார். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் நல்ல ஒட்டுதல். வாந்தி எடுத்த மூன்று தடவையும் தலையைப் பிடித்துக்கொண்டது கருப்பையன்தான்.

புயலுக்குப் பிறகு இவருக்கு ஒரே பிடிவாதம். மண்டபத்தூருக்குப் போகிற லைன் மண்ணுக்குள்ளே போக வேண்டும், இனிமேல் அது ஒரு நாளும் செத்துக் கிடக்கக்கூடாது. நாலு வருஷம் எழுதினார். எண்பத்தொன்றில் திருஞானசம்பந்தம் என்று ஒரு சின்ன வயது என்ஜினீயர் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தார். கடலைப் படத்தில் பார்த்தவர். அவர் கேபிள் துண்டுகள் நாலைத் தூக்கி சோமசேகரன் முன்னால் வைத்து, இதில் எது இந்த மண்ணுக்குத் தாங்கும், நீங்களே பார்த்துச் சொல்லுங்க என்றார். லைன்மேனிடம் யாரும் எதுவும் கேட்கிற வழக்கம் கிடையாது. சோமசேகரன் திரும்பிப் பார்த்தார், பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களோ என்று.

முதல் துண்டு ஈயத்தோல் போட்ட பழைய மாதிரி, உள்ளே காகிதம் சுற்றிய கம்பி. உப்பு ஈயத்தை ஒன்றும் செய்யாது. ஆனால் வலைக்குக் கட்டுகிற குண்டும் ஈயம்தானே, கரையில் தோண்டாமல் விட்டுவைப்பார்களா. சின்ன வயதில் சோமசேகரனே இலாகாவின் ஈயத்தை உருக்கிக் குண்டு வார்த்திருக்கிறார், அண்ணன்தான் அச்சு பிடித்தார். ஆகவே ஈயம் வேண்டாம் என்று அதை ஒதுக்கி வைத்தார். காரணத்தை என்ஜினீயரிடம் சொல்லவில்லை.

இரண்டாவது புதுசாக வந்த ஜெல்லி கேபிள். உள்ளே களிம்பு அடைத்து, மேலே பிளாஸ்டிக் தோல் மட்டும் போட்டது. இலேசானது, சொன்னபடி வளையும், விலையும் குறைவு. அதைத் திருமலைராயன்பட்டினத்தில் அரிசி மண்டி வைத்திருந்த காதர் பாட்சாவிடம் எடுத்துப்போய், மூட்டைகளுக்கு நடுவே பத்து நாள் போட்டுவைக்கக் கேட்டார். பெருச்சாளிக்குப் பேர்போன மண்டி அது. காதர் பாட்சா துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதுக்கு நான் வாடகை வாங்கணுமா, இல்ல நீங்க எனக்குத் தீனி குடுத்ததா எழுதிக்கணுமா என்று கேட்டார். பத்து நாள் வேண்டியிருக்கவில்லை. நாலாம் நாள் தோலும் களிம்பும் போய், வண்ண வண்ணக் கம்பிகள் மட்டும் வைக்கோல் மாதிரி கிடந்தன.

மூன்றாவதும் நாலாவதும் அதே களிம்பு அடைத்து, மேலே இரும்புப்பட்டி சுற்றிய கேபிள்கள். கவசம் போட்டது என்று இலாகாவில் சொல்வார்கள். மூன்றாவதில் பட்டிக்கு மேலே தார் பூசிய சணல். நாலாவதில் பட்டிக்கு மேலே இன்னொரு பிளாஸ்டிக் தோல். மண்டியில் போட்டபோது பெருச்சாளி இரண்டையும் மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. பாக்கி இருந்தது உப்பு. உப்புக்கு எங்கே போவது? லோகாம்பாள் கருவாட்டுக்கு மீன் ஊறப்போடுகிற பெரிய பானை கொல்லையில் இருந்தது. இரண்டு துண்டையும் அதில் இறக்கி, மேலே கல்லை வைத்து, நாற்பது நாள் யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். அண்ணன் போனதிலிருந்து இவர் அப்படித்தான் என்று லோகாம்பாளுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரி கேட்டதற்கு, என்ன மீன்னு தெரியல, இன்னும் ஊறல என்று மட்டும் சொன்னாளாம்.

நாற்பதாம் நாள் மூன்றாவது துண்டின் சணல் நார்நாராக வந்தது. உள்ளே பட்டி, தொட்டால் உதிர்ந்தது. நாலாவது துண்டைத் துடைத்தபோது உள்ளே போட்ட அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது, மீன் நாற்றம் தவிர. ஆக நாலாவதுதான். அதிலும் குறை இல்லாமல் இல்லை. ஆள் கனம் கனக்கும், முழங்கால் கொடுத்து அமுக்கினாலும் வளையாது, இழுக்க இரண்டு மடங்கு ஆள் வேண்டும், இரண்டு துண்டை இணைத்து ஒட்டுப்போட முழு நாள் வேண்டும். விலையைக் கேட்டு என்ஜினீயர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

அவர் நீட்டிய படிவத்தில் 'சூழ்நிலை: சாதாரணம் அல்லது கடினம், காரணம் எழுதுக' என்று ஒரு இடம் இருந்தது. சோமசேகரன் 'கடினம்' என்று எழுதி, காரணத்தில் 'உப்பு, பெருச்சாளி, நண்டு, கடப்பாரை, நாங்கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கடைசி வார்த்தையை மட்டும் அடித்துவிட்டு திருஞானசம்பந்தம் மேலே அனுப்பினார். எண்பத்திரண்டில் கேபிள் வந்தது. மெயின் ரோட்டிலிருந்து சங்கக் கட்டடம் வரை மூன்றடி ஆழத்தில் போட்டார்கள். ஒட்டுகள் எல்லாம் சோமசேகரன் கைப்படப் போட்டவை. அதற்குப் பிறகு அந்த டெலிபோன் ஒரு நாளும் சாகவில்லை. கேபிள் குஞ்சம்மா வீட்டு வாசல் வழியாகத்தான் போனது. பள்ளம் தோண்டிய நாலு நாளும் அவள் கொல்லை வழியாகவே போய் வந்தாள்.

எண்பத்து நாலு கார்த்திகையில் குஞ்சம்மாவின் மகள் வடிவாம்பாளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். சொந்தச் சித்தப்பன் சோமசேகரனுக்குப் பத்திரிகை வரவில்லை. வராது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் தபால்காரரை ஒரு வாரம் வாசலிலேயே நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார்.

வாசலில் பந்தல் போட வந்தவர் வைத்தியலிங்கம், பேரளம் பக்கத்து விவசாயக் கூலி. முதல் காலுக்குக் குழி போடக் கடப்பாரையை ஓங்கி இறக்கினார். மூன்றடி ஆழத்தில் போட்ட கேபிள்தான், ஆனால் இரண்டு வருஷக் காற்றில் மேல்மணல் நகர்ந்து, அந்த இடத்தில் ஒன்றரை அடிதான் மிச்சம். 'ணங்' என்று சத்தம் கேட்டது.

கல்லாய் விளைகிற ஊர்க்காரனாக இருந்தால் இன்னும் நாலு போடு போட்டிருப்பான். டெல்டாக்காரனுக்கு மண்ணுக்குள் கல் என்று ஒன்று கிடையாது. பத்தாள் ஆழம் தோண்டினாலும் வண்டல், இல்லாவிட்டால் மணல். அப்படிப்பட்ட மண்ணில் உலோகச் சத்தம் கேட்டால் அவனுக்குத் தோன்றுவது ஒன்றுதான். எந்தக் காலத்திலோ யாரோ பயந்து புதைத்து வைத்த சாமி. வைத்தியலிங்கம் கடப்பாரையைத் தூரத் தள்ளி வைத்தார். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். இனிமேல் இரும்பு படக்கூடாது என்று சொல்லி, கொட்டாங்கச்சியால் மணலை அள்ளினார். கிழிந்த கறுப்புத் தோலுக்கு நடுவே விரல் அகலத்துக்கு ஏதோ பளபளவென்று தெரிந்தது. அதற்குள் குழியில் தண்ணீர் ஊறி மூடிவிட்டது.

வெறும் பிளாஸ்டிக் கேபிளாக இருந்திருந்தால் கடப்பாரை சத்தமே இல்லாமல் இரண்டு துண்டாக்கிவிட்டுப் போயிருக்கும். இரும்புப்பட்டி தாங்கியது பாதி. மீதி தாங்கியது வைத்தியலிங்கத்தின் பக்தி. எலிக்கும் உப்புக்கும் பரீட்சை வைத்த சோமசேகரன் இதற்குப் பரீட்சை வைக்கவில்லை.

சாமி கிடைத்திருக்கிறது என்ற செய்தி கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து தாலுக்கா அலுவலகத்துக்குப் போனது. புதையல் அரசாங்கச் சொத்து. மத்தியானத்துக்குள் ஒரு வருவாய் அதிகாரி வந்தார். குழியைச் சுற்றிக் கயிறு கட்டினார். மறு உத்தரவு வரும்வரை யாரும் தோண்டவோ தொடவோ கூடாது என்று ஒரு தாளை மூங்கிலில் கட்டினார். மன்சூர் அலி என்ற போலீஸ்காரரைக் காவலுக்கு நிறுத்தினார். அது டெலிபோன் ஒயருங்க, ரெண்டு வருஷத்துக்கு முந்தி எங்க கண் முன்னாலதான் போட்டாங்க என்று ஊரில் நாலைந்து பேர் சொல்லிப் பார்த்தார்கள். குஞ்சம்மாவும் சொன்னாள். யார் போட்டது என்று மட்டும் சொல்லவில்லை.

"இருக்கலாம்மா," என்றார் அதிகாரி. "ஆனா அதை நீங்க சொல்லக்கூடாது."

சோமசேகரனுக்கு மறுநாள் காலையில்தான் தெரிந்தது. ஆபீஸிலிருந்து மண்டபத்தூர் லைனைச் சோதித்தபோது காதில் இரைச்சல் கேட்டது. சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓடினார். கயிற்றுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார். தெளிந்திருந்த தண்ணீருக்கடியில் மேல்தோல் கிழிந்து, பட்டி நசுங்கி, உள்தோலிலும் கீறல் விழுந்திருந்தது. குழி முழுக்க உவர்த் தண்ணீர். உள்ளே அடைத்த களிம்பு இரண்டு நாள் தாக்குப்பிடிக்கும், மூன்று நாள் பிடிக்கலாம். அப்புறம் லைன் செத்துவிடும். ரேடியோவில் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

தாலுக்கா அலுவலகத்துக்குப் போனார். கையெழுத்துப் போட்ட அதிகாரி பாண்டிச்சேரிக்கு லீவில் போயிருந்தார். போட்ட உத்தரவை அவர்தான் நீக்க வேண்டுமாம். இல்லையென்றால் தொல்பொருள் இலாகா ஆள் வந்து பார்த்து, இது சாமி இல்லை என்று எழுதித் தர வேண்டுமாம். அங்கே இருந்த கிளார்க் நல்ல மனுஷர். கோபப்படாமல் ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தி, ஒரு மனு எழுதிக் குடுத்துட்டுப் போங்க, மூணு நாள்ல ஏதாவது செய்யலாம் என்றார். சோமசேகரன் உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார். 'ஐயா' என்று எழுதினார். அதற்கு மேல் கை ஓடவில்லை. அடியில் கார்பன் வைக்க வேண்டுமா என்று கிளார்க் கேட்டார். சோமசேகரன் பேனாவை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்.

கொட்டகைக்குப் போய்ப் பையில் ஒட்டு வேலைச் சாமான்களை அள்ளினார். தார் டேப், மெழுகு, மண்ணெண்ணெய் விளக்கு, பிளாஸ்டிக் சுருள். யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை. லைன்மேன் ஆன பிறகு அவர் கையெழுத்து இல்லாமல் எடுத்த முதல் சாமான் அதுதான். மண்டபத்தூர் போய்ச் சேர்ந்தபோது மழை பிடித்திருந்தது. பந்தலுக்கு வாங்கிய கீற்றுக் கட்டு நனைந்துகொண்டு கிடந்தது. மன்சூர் அலி அதன் மேல் உட்கார்ந்திருந்தார்.

"கயிறு இருக்கே, பார்த்தீங்களா?" என்றார் மன்சூர் அலி.

"பார்த்தேன் தம்பி. புயல் வருது. இந்த ஊருக்குச் சொல்றதுக்கு இது ஒண்ணுதான் இருக்கு."

மன்சூர் அலி கடலைப் பார்த்தார். திருமலைராயன்பட்டினத்துக்காரர், அவர் வீட்டிலும் கப்பலுக்குப் போனவர்கள் உண்டு. "நான் டீ குடிக்கப் போறேன். ஒரு டீக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு மணி நேரம்."

"நல்லா சூடா இருந்தா ஆகும்தான்" என்று சொல்லி எழுந்து போனார்.

சோமசேகரன் கயிற்றைத் தாண்டிக் குழிக்குள் இறங்கினார். முதலில் தண்ணீரை இறைத்தார். இறைக்க இறைக்க ஊறியது. மழை வேறு. ஒரு கையால் கேபிளைத் தூக்கிப் பிடித்தால் துடைக்க இன்னொரு கை வேண்டும், விளக்கை மறைக்க மூன்றாவது கை வேண்டும். விளக்கு மூன்று தடவை அணைந்தது. நாலாவது தடவை தீக்குச்சியைக் கிழித்தபோது மழை நின்றது. நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேலே கீற்று. ஒரு பக்கத்தை வடிவாம்பாள் பிடித்திருந்தாள், மறுபக்கம் குஞ்சம்மா. கல்யாணப் பெண் வெளியே வந்து மழையில் நிற்கக்கூடாது என்று ஊரில் ஒரு வழக்கம் உண்டு, அதை யாரும் அன்றைக்கு நினைவுபடுத்தவில்லை. குஞ்சம்மா கடல் பக்கம் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், இரண்டு மணி நேரமும் பிடித்தாள்.

கீறலை உலர்த்தி, மெழுகு ஊற்றி, டேப் சுற்றி, பட்டியைத் தட்டி நேராக்கி, மேலே பிளாஸ்டிக் சுருளை வைத்து இறுக்கினார். சங்கக் கட்டடத்துக்கு ஓடி டெலிபோனை எடுத்துக் காரைக்காலைக் கூப்பிட்டார். இரைச்சல் இல்லை. அன்று சாயங்காலம் அதே டெலிபோனில் செய்தி வந்தது. சங்கத்தில் மணி அடித்தார்கள். விடியற்காலை போகவிருந்த இருபத்திரண்டு கட்டுமரமும் மேட்டுக்கு ஏறின. மறுநாள் புயல் கரையைக் கடந்தது. மெயின் ரோட்டில் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன, கூரைகள் போயின, குஞ்சம்மா வாங்கிய பந்தல் கீற்று எந்த ஊருக்குப் போனதென்றே தெரியவில்லை. மண்டபத்தூரில் ஆள் சேதம் இல்லை.

உத்தரவை மீறிக் குழியில் இறங்கியதற்கும், கையெழுத்தில்லாமல் சாமான் எடுத்ததற்கும் சோமசேகரனுக்குத் தனித்தனியாக இரண்டு மெமோ வந்தன. தொல்பொருள் இலாகா ஆள் தை மாதம் வந்தார். மறுபடி தோண்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, 'கண்டெடுத்த பொருள்: டெலிபோன் கேபிள். காலம்: 1982' என்று எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். அதெல்லாம் பிறகு நடந்தது.

புயலுக்கு அடுத்த நாள் சோமசேகரன் தன் ஒட்டைப் பார்க்க மண்டபத்தூருக்குப் போனார். கயிறும் மூங்கிலும் தாளும் காற்றோடு போயிருந்தன. குழி ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, கையை விட்டு ஒட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ வந்து நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பவில்லை. அண்ணிதான் என்று தெரிந்தது.

"அன்னைக்கும் இப்படி யாரையும் கேக்காம செஞ்சிருக்கலாம்ல தம்பி," என்றாள் குஞ்சம்மா.

அவளுக்கு அழுகை வரவில்லை, குரலும் உயரவில்லை. ஏழு வருஷமாக எடுத்து வைத்திருந்ததை எடுத்துக் கீழே வைக்கிற மாதிரி வைத்தாள். சோமசேகரனுக்கு நாற்பது கெஜம், எழுதிப் போட்டது, கண்டம் செய்த சுருள் எல்லாம் வரிசையாக வாய் வரைக்கும் வந்தன. ஒவ்வொன்றாக விழுங்கினார்.

"செஞ்சிருக்கணும் அண்ணி," என்றார். "கம்பி கொட்டகையிலேயே கிடந்துச்சு. நான்தான் எடுக்கலை."

குஞ்சம்மா மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு, நாளன்னிக்கு முகூர்த்தம், பந்தல் இல்லாமலே நடத்தப்போறோம், வடிவு கையைப் பிடிச்சுக் குடுக்க அவ அப்பா இடத்துல ஒரு ஆளு நிக்கணும், லோகாம்பாளையும் கூட்டிக்கிட்டு முன்னாடியே வந்துடு என்று சொன்னாள். சோமசேகரன் சரி என்று சொல்லிவிட்டு, முகத்தைக் காட்டாமல் குழியில் மணலைத் தள்ளி மூட ஆரம்பித்தார்.